ஊதாத் துணி போர்த்திய டிவி

அம்மாவின் டிவி மேல் ஊதாத் துணி போர்த்தியிருந்தது. அலமாரியில் இருந்த மாதா சொரூபத்துக்கும் அதே துணிதான். டெஸ்மண்டின் கண்ணோ டிவியை விட்டு நகரவில்லை.

ராத்திரியில் நாட்டையே சிரிக்க வைக்கும் நிகழ்ச்சி அவனுடையது. சாம்பல் புதனன்று, கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வரும் அம்மாவை அதில் கிண்டலடித்தான். "புகைபோக்கியைத் தலையாலேயே துடைச்சாங்க போல!"

அன்றிலிருந்து அம்மா நிகழ்ச்சியைப் பார்ப்பதில்லை என்று தங்கை போனில் சொன்னாள். மேற்கொண்டு கேட்காமல் வைத்துவிட்டான்.

அம்மா கோபித்துக்கொண்டாள் என்று அவனுக்கும் கோபம். பார்க்க மாட்டாள் என்ற தைரியம் வேறு. தினமும் அம்மாவை வைத்தே சிரிக்க வைத்தான். நேற்று, அப்பா இறந்த அன்று அவள் அழுதபடி கடவுளைத் திட்டியதைக்கூட நடித்துக் காட்டிவிட்டான். அவனிடம் மட்டும் அவள் சொன்ன விஷயம் அது.

அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. அவனுக்குத்தான், பாவம், வீடு போயும் கண் மூடவில்லை. விடிந்ததும் குவீன்ஸ் பகுதியில் இருந்த அம்மா வீட்டு வாசலில் நின்றான்.

"வாடா, வா. என்ன மூஞ்சி இது, இங்கிலீஷ்காரன் போட்ட டீ மாதிரி வெளுத்துக் கிடக்கு?" ரோசலீன் மகனை உட்காரவைத்து, ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தாள்.

"அம்மா, என் மேல கோபமா?"

"எதுக்குடா?"

"டிவியை மூடி வெச்சிருக்கியே. என் மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்கலையா?"

அவள் சிரித்துவிட்டாள். "அட மண்டு! தவக்காலம்டா. ரொம்பப் பிடிச்சதைத்தானே விடணும்? உன் தங்கச்சி சாக்லேட்டை விட்டிருக்கா. எனக்கு உன்னை விட்டா வேற என்னடா இருக்கு?"

டெஸ்மண்ட் கடித்த ரொட்டியைத் தட்டில் வைத்தான். அப்படியானால் அந்த சாம்பல் ஜோக்கைக்கூட அவள் பார்க்கவில்லை. சொல்லிவிடலாமா? வேண்டாம், தெரியாமலே போகட்டும். அப்படி நினைத்ததும் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"கோயில்ல எல்லார்கிட்டயும் கண்டிஷனா சொல்லிட்டேன், உன் ஷோல வந்த எதையும் என்கிட்ட முன்னாடியே சொல்லிடாதீங்கன்னு. நல்ல ஜனங்கடா. இப்பல்லாம் என்னைப் பார்த்தாலே பேச்சை நிறுத்திடுறாங்க."

டெஸ்மண்ட் மெல்லத் தலை நிமிர்ந்தான். "முன்னாடியேன்னா... எதுக்கு முன்னாடிம்மா?"

"ஈஸ்டருக்கு முன்னாடிதான். ஃபாதரை அன்னிக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன். அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து பார்க்கப் போறோம். ஒண்ணு விடாம பதிவு பண்ணி வெச்சிருக்கேன்டா!"