நிற்கத் தெரியாத வண்டி

ஒரு ஷெட்டில் இரண்டு டீசல் பிக்கப் வண்டிகள் இருந்தன. கான்கிரீட் கலவை மெஷினைப் பின்னால் கட்டி இழுத்தால் வெள்ளை வண்டி பாதி மேட்டிலேயே புகைவிட்டு நின்றுவிடும். நீல வண்டி பதினாறு வருஷமாக ஒருநாளும் நின்றதில்லை.

"அக்கா, நீங்களும் ஒருதடவை நின்னு பாருங்க. எனக்கு ஆயில் மாத்தி, கழுவி, நிழல்ல விடுறாங்க" என்றது வெள்ளை.

நீலத்துக்கும் உடம்பெல்லாம் வலிதான். "நாளைக்கு நிக்கிறேன்டி."

"போன மாசமும் இதேதான் சொன்னீங்க."

காலையில் முதலாளி வந்து இரண்டையும் சுற்றிப் பார்த்தார். "வெள்ளை பாவம், தாங்காது. அது போற நடையும் இனி நீலத்துக்கே" என்றார்.

இன்று அசையவே கூடாது என்று நீலம் மனசைக் கல்லாக்கிக்கொண்டது. டிரைவர் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே என்ஜின் கிளம்பிவிட்டது.