வந்திருந்தோர்

விசாரணை அதிகாரி அரசாங்க உத்தரவை என் மேசைமேல் வைத்து, பீரோ சாவியைக் கேட்டார். கம்பெனியின் எந்தக் காகிதத்தையும் எடுக்கலாமாம், யாரையும் விசாரிக்கலாமாம், பொய் சொன்னால் ஜெயிலாம். மறுபேச்சில்லாமல் கொடுத்தேன்.

மனிதர் கெட்டிக்காரர். நேராக மினிட்ஸ் புத்தகத்தில் கை வைத்தார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இயக்குநர்கள் கூடிப் பேசிய விவரம் அதில் இருக்கும். கூடினார்களாம், மண்ணாங்கட்டி! முதலாளி முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார், கூட்டம் இனிதே முடிந்தது என்று நானே டைப் அடிப்பேன். முதலாளி படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார். பத்தொன்பது வருஷமாக இதுதான் என் பிழைப்பு.

அந்த இன்னொரு இயக்குநர், முதலாளியின் கார் டிரைவர். ‘சும்மா பேருக்குத்தான்யா’ என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். சம்பளம் என்னவோ டிரைவர் சம்பளம்தான்.

போன வருஷம், இரண்டு நாள் தூங்கவிடாமல் அலைக்கழித்ததில், வண்டியைப் பாலத்தில் மோதிச் செத்துப்போனார். பதினைந்து நாள்கூட ஆகவில்லை, அந்தப் பேரை எடுத்துவிட்டுத் தன் மச்சான் பேரைப் போடு என்றார் முதலாளி.

நான் போடவில்லை.

“இவர் போன வருஷமே இறந்துட்டாரே. அப்புறமும் நாலு கூட்டத்துக்கு வந்திருக்காரேம்மா?” என்றார் அதிகாரி.

முதலாளிக்கு வேர்த்து ஊற்றியது. “பழசைப் பார்த்து அடிச்சிருக்காங்க சார். கவனக்குறைவு!”

நான் தலையாட்டினால் போதும். என் வேலை நிலைக்கும், அவரும் தப்பிப்பார். கண்ணாலேயே கெஞ்சினார், பாவி.

அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். நான்கு கூட்டத்திலும் செத்தவர் ஒன்றையேதான் முன்மொழிந்திருந்தார்: டிரைவர்களுக்குத் தினமும் எட்டு மணி நேரம் தூக்கம் வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒருமனதாக நிறைவேறியிருந்தது. கீழே முதலாளியின் கையெழுத்து.

“கவனக்குறைவு இல்ல சார். வேணும்னேதான் அடிச்சேன். உசுரோட இருந்தப்ப அவரை யாரு பேசவிட்டா?”

அழக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அதிகாரி வாக்குமூலத் தாளை எடுத்தார். பெயர் கேட்டார், சொன்னேன். வயது கேட்டார், சொன்னேன். கணவர் பெயர் கேட்டார்.

மினிட்ஸ் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி, வந்திருந்தோர் வரிசையில் இரண்டாவது பெயரின்மேல் விரலை வைத்தேன்.