எழுநூற்று ஐம்பது காலடி

அவன் பாதி வழியில் திரும்பி வந்துகொண்டிருந்தான்.

உள்ளங்கையில் ஒரு மிளகு. அதுதான் நெப்டியூன்.

"முந்நூத்திப் பன்னெண்டா பதிமூணான்னு சந்தேகமாயிடுச்சு," என்றான். "முதல்ல இருந்து எண்ணிடுறேன்."

பெரியவர்களுக்கான வானியல் மாலை வகுப்பு மொத்தமும் சிரித்தது.

நான் சிரிக்கவில்லை.

நூலக வாசலில் ஞானசுந்தரி டீச்சர் உரித்த தேங்காயை ஏந்தி நின்றார். சூரியன். அங்கிருந்து நேர்ச்சாலையில் ஆளுக்கொரு கோளோடு நாங்கள். என் கையில் பூமி, ஒரு கடுகு. இருபத்தைந்தாவது காலடி. வியாழன் ஓர் அருநெல்லிக்காய். அதைப் பிடித்திருந்த செல்லையா அண்ணன் ஏற்கெனவே ஒரு கடி கடித்திருந்தார். நசீமாவுக்குச் சுண்டைக்காய். "எனக்குன்னு வந்து வாய்க்குது பாரு, சனி," என்று முனகிக்கொண்டே போனாள்.

நெப்டியூனுக்கு எழுநூற்று ஐம்பது. தூரங்களைக் கணக்கிட்டு எழுதிக் கொடுத்தது நான்.

அவன் மறுபடி என்னைக் கடந்து போனான். உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. என்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் எண்ணிக்கை தப்பிவிடும்.

போன திங்கட்கிழமை கேட்டிருந்தான். எங்கம்மாவை உங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வரட்டுமா என்று. ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

இன்று ஞாயிறு.

எனக்கு அவன்மேல் சந்தேகம் இல்லை. என்மேல்தான். பூட்டிய கதவை இழுத்துப் பார்க்கப் பாதித் தெரு திரும்பி வருகிறவள் நான். அப்படி ஒருத்தியோடு ஒருவன் எத்தனை நாள் பொறுமையாக இருப்பான்?

அவன் சிறிதாகிக்கொண்டே போனான்.

காலையில் நானே நடந்து பார்த்திருந்தேன். நெப்டியூன் ரேஷன் கடை வாசலில் வரவேண்டும்.

அவன் ரேஷன் கடையைத் தாண்டினான்.

நிற்கவில்லை.

"ஏட்டி, ஒன் நெப்டியூன் ஊரை விட்டே போவுது பாரு!" என்று சனியிலிருந்து நசீமா கத்தினாள்.

அப்போதுதான் உறைத்தது. எல்லாவற்றையும் என் காலடியால் அளந்திருந்தேன். என்னுடையது அறுபது சென்டிமீட்டர். அவன் ஆறடி உயரம்.

டீச்சர் விசில் ஊதினார். எல்லோரும் திரும்பத் தொடங்கினார்கள். அவனுக்கு மட்டும் கேட்கவில்லை.

பூமியைக் கைக்குள் மூடிக்கொண்டு நடந்தேன். இருபத்தாறு. இருபத்தேழு.

ரேஷன் கடை வாசலில் எழுநூற்று ஐம்பது. அங்கே யாரும் இல்லை. நிற்காமல் எண்ணினேன்.

வீடுகள் முடிந்து பருத்திக்காடு தொடங்கும் இடத்தில் நின்றிருந்தான். டீச்சர் சொன்னபடியே உள்ளங்கையை விரித்து நீட்டியபடி. பார்க்க ஒருவரும் இல்லாத இடத்தில்.

தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு.

"தப்பா நின்னுட்டேனா?"

"தப்பு என்னோடது. என் காலால அளந்துட்டேன்."

"அப்ப திரும்பிப் போய் நிக்கட்டா?"

நடந்து வந்த எண்ணிக்கையை மனதுக்குள் பூமியின் இருபத்தைந்தால் வகுத்தேன். முப்பத்தொன்பதரை. சரிதானா என்று இன்னொரு முறை வகுத்தேன்.

"வேண்டாம். இங்க புளூட்டோ இருக்கு."

"அதைத்தான் கோள் இல்லன்னு தள்ளிட்டாங்களே."

"தள்ளினா என்ன? சுத்திக்கிட்டுத்தான இருக்கு."

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. என் முகத்தையே பார்த்தான்.

தூரத்தில் தேங்காய் தெரியவில்லை. டீச்சரே ஒரு புள்ளியாகத்தான் தெரிந்தார்.

"உங்கம்மாவை வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வா," என்றேன்.

நீட்டிய கை அப்படியே இருந்தது. அதில் மிளகு இல்லை. எப்போது விழுந்ததோ.

"வெள்ளிக்கிழமைன்னுதான சொன்ன?"

"ஆமா."

அவன் இரண்டடி நடந்தான். நின்றான். திரும்பினான்.

"இந்த வெள்ளிக்கிழமையா, அடுத்ததா?"

நான் நிதானமாக, தேதியோடு சொன்னேன்.