அவர் பெயர் பொறித்த ஹார்ன்

பட்டறை ஜன்னல் வெயிலில் பித்தளைத் தூள் மினுங்குகிறது. பிரெஞ்சு ஹார்ன் என்ற பித்தளை ஊதுகுழல் வாசிப்பதில் ஜெர்மனியெங்கும் பேர்போன ஃபோல்க்மார் கதவருகிலேயே நின்றுவிடுகிறார். அவரும் பட்டறைக்காரர் கெப்ஹார்ட்டும் ஆறு வருடம் சேர்ந்து வடிவமைத்து, ஃபோல்க்மாரின் பெயரையே பொறித்த ஹார்னை, வாங்க வந்த இர்ம்கார்ட் என்ற பெண் வாசித்துப் பார்க்கிறாள். ஃபோல்க்மாரிடம் எப்போதும் லேசாக நடுங்கும் அந்த உச்ச ஸ்வரம் அவளிடம் அசையாமல் நிற்கிறது. கெப்ஹார்ட் அரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்களை மூடிக்கொள்கிறார். தன் வாசிப்புக்கு அவர் ஒருநாளும் கண் மூடியதில்லை என்பது ஃபோல்க்மாருக்கு இப்போதுதான் உறைக்கிறது. "இந்தச் சத்தத்துக்குத்தாம்மா இத்தனை வருஷம் தவியாத் தவிச்சேன்," என்கிறார் கெப்ஹார்ட். திரும்பிய இர்ம்கார்டின் முகம் சிவக்கிறது. "ஐயோ, சார், நீங்களா! அதே ஸ்வரத்தை நீங்க ஒருதடவை வாசிங்களேன்." அவள் கைச்சூடு ஆறாத ஹார்னை நீட்டுகிறாள். "உதடு வெடிச்சிருக்கும்மா," என்கிறார் ஃபோல்க்மார், வெடிப்பே இல்லாத உதட்டைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு.