வெர்டன் மேடு

"வெர்டன் மேடு" என்று அவர் பலகையை வாசித்தார்.

அவளுக்கு ஜெர்மன் எழுத்துக் கூட்டவும் வராது. சீனி வருத்தத்துக்கு நடக்கச் சொல்லி டொக்டர் புருசனைத் துரத்திய நாளிலிருந்து, அவளும் கூடவே இந்த மேட்டில் ஏறி இறங்குகிறாள். இதற்கொரு பெயர் இருக்குமென்று யார் கண்டது?

இன்றைக்குப் பலகையடியில் புது மலர்வளையம். பக்கத்தில் சிவப்புக் கூட்டுக்குள் ஒரு மெழுகுதிரி. போரில் செத்தவர்களை நினைக்கிற நவம்பர் ஞாயிறாம்.

"என்னவாம் எழுதியிருக்கு?"

அவர் வாசித்து வாசித்துச் சொன்னார். முதலாம் உலகப்போர். பிரான்சில் வெர்டன் என்றொரு இடம். இந்த ஊர்ப் பொடியள் அங்கே போய் அடிபட்டுச் செத்தார்கள். தப்பி வந்தவர்கள் இந்த மேட்டுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள்.

அவ்வளவுதான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஓ! அடுத்தவன்ர நாட்டைப் பிடிக்கப் போனவைக்கு ஒரு மேடு. சொந்தக் காணியில நிண்டு செத்த என்ர பிள்ளைக்கு என்ன இருக்கு?"

"மெல்லக் கதையும். ஆக்கள் பார்க்கினம்."

ஆக்கள்! இந்த மனுசனுக்கு எப்பவும் ஆக்கள்தான்.

மகன் நிமலன் ஊர்ச் சண்டையில், பனிச்சந்திட்டியில் செத்தான். மலையுமில்லை, ஒன்றுமில்லை. அவர்களுடைய வயல் கரையில் ஆளுயர மண் திட்டி. சின்னவனாய்ப் பட்டம் விட்ட இடத்திலேயே பதுங்குகுழி வெட்டி நின்றான். உடல்கூட வரவில்லை.

செய்தி வந்த நாளிலிருந்து இவர் அந்த இடத்தின் பெயரை வாயில் எடுத்ததில்லை. வேறு யாரும் எடுத்தால் எழும்பிப் போய்விடுவார்.

போன திவசத்துக்கு அவள் குசினியில் விளக்குக் கொளுத்தினாள். புகை பட்டதும் கூரையிலிருந்த புகைமணி அலறியது. மேல்வீட்டுக்காரி வந்துவிடுவாளென்று இவர் ஓடிவந்து விளக்கை அணைத்தார்.

வாயால் ஊதி.

செத்த பிள்ளையின் விளக்கை யாராவது வாயால் ஊதுவார்களா? பாவி மனுசன்!

அவள் விறுக்கென்று குனிந்தாள். அந்த மெழுகுதிரியை ஊதி அணைக்கத்தான் குனிந்தாள். வாயும் குவிந்தது.

மூச்சு வரவில்லை. எந்தத் தாய் பெத்ததுகளோ.

அந்த ஆத்திரமும் அவர்மேல்தான் திரும்பியது.

"நீங்கள் ஊதுங்கோ. உங்களுக்குத்தானே பழக்கம்."

அவர் ஊதவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

போன் அடித்தது. மகள் வாகினி.

"அப்பா, சோறு ஆறுது. எங்க நிக்கிறியள்?"

அவர் பலகையைப் பார்த்தார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"பனிச்சந்திட்டியில."

"எங்க?" என்று வாகினி திருப்பிக் கேட்டாள்.

நாயோடு போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்பதுபோல அவர் இன்னும் உரத்துச் சொன்னார்.

"பனிச்சந்திட்டியில, பிள்ளை. கொம்மாவும் நிக்கிறா. நீ விளக்கை எடுத்துக்கொண்டு வா. இஞ்ச புகைமணி இல்லை."