முன்னால் ஒரே ஒரு சீட்டு

இன்று ஒரு நாளாவது தன் கணவர் சுயநலக்காரராக இருந்துவிட வேண்டும் என்று ஆர்டிஸ் வேண்டிக்கொண்டிருந்தாள்.

மினியாபொலிஸ் விமான நிலையம். லாஸ் ஏஞ்சல்ஸ் விமானத்துக்குக் காத்திருப்பவர்களின் தலைக்கு மேலே திரையில் பட்டியல் தெரிந்தது. முதல் வகுப்பில் மிச்சம் ஒரே ஒரு சீட்டு. அதற்குக் காத்திருப்பவர்களில் முதல் பெயர் லோரன் டோலஃப்சன், இரண்டாவது ஆர்டிஸ் டோலஃப்சன்.

விவசாய எந்திர வியாபாரி லோரன், வருஷத்தில் பாதி நாள் பறந்துகொண்டிருப்பவர். அடிக்கடி வருகிறவர் என்று இலவசமாக முன்னால் கூப்பிட்டு உட்கார வைப்பது அவருக்குப் பழகிய சங்கதி. ஆனால் மனைவியோடு போகும்போது ஒரு சீட்டு மட்டும் கிடைத்தால், "நீ போ ஆர்டி, எனக்குப் பின்னாடியே போதும்" என்று அவளை அனுப்பிவிடுவார். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அது தவறியதில்லை.

அந்த நல்ல குணம்தான் இன்று அவளுக்கு எமனாக வந்து நின்றது.

இருவருக்கும் இருபத்தேழாம் வரிசை. ஜன்னல் அவளுக்கு, நடைபாதை ஓரம் அவருக்கு. நடுச் சீட்டில் வந்து உட்காரப் போகிறவள் பிரிட்டா, அவர்களுடைய ஒரே மகள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் அப்பாவின் வியாபாரத்தை உதறிவிட்டு ஒரு பேக்கரியில் ரொட்டி சுடப் போனாள். "இனிமே என் மூஞ்சியில முழிக்காதே" என்றார் லோரன். சொன்ன சொல்லை மாற்றுகிற வழக்கம் அந்த மனிதருக்குக் கிடையாது. அன்றிலிருந்து தாயும் மகளும் திருட்டுத்தனமாகப் போனில் பேசிக்கொள்வதோடு சரி.

பிரிட்டா இப்போது நியூசிலாந்துக்கு வேலைக்குப் போகிறாள். "லாஸ் ஏஞ்சல்ஸ் வரைக்கும் உங்க விமானம்தாம்மா. உங்க நடுச் சீட்டே எனக்கு ஏற்பாடு ஆயிடுச்சு" என்று போன வாரம் சொன்னாள். அடுத்து எப்போது பார்ப்போமோ. நாலு மணி நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும் ஆர்டிஸுக்கு. லோரன் முன்னால் போகாவிட்டால், 'வராதே' என்று மகளுக்குச் செய்தி அனுப்பிவிட வேண்டியதுதான்.

"முன் சீட்டு என்ன பெரிய சீட்டு?" என்று மெல்ல ஆரம்பித்தாள். "ஒரு வரிசை பூரா காலியா கிடைச்சா நான் அதைத்தான் எடுத்துப்பேன். காலை நீட்டிப் படுத்துக்கிட்டே போகலாம்."

லோரன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நடுவுல ஆள் வந்துட்டா?"

அவளுக்குத் திக்கென்றது. "வந்தா வரட்டும். நீங்க முன்னாடி போங்க, நான் பாத்துக்கறேன்."

எதிரே வேட்டைக்காரத் தொப்பியோடு உட்கார்ந்திருந்த ஒரு தடியன் சும்மா இருக்கக் கூடாதா? "அப்படி விட்டுட்டுப் போயிடாதீங்க சார். என் பொண்டாட்டியா இருந்தா, இறங்கினதும் நேரா வக்கீல் வீட்டுக்குத்தான் போவா."

அவனை அங்கேயே கழுத்தை நெரித்துவிடலாம் போலிருந்தது ஆர்டிஸுக்கு. இப்படி ரோஷத்தைக் கிளப்பிவிட்டால் லோரன் எங்கே போகப் போகிறார்?

"டோலஃப்சன்" என்று ஒலிபெருக்கி கூப்பிட்டது. இருவரும் எழுந்து போனார்கள்.

"ஒரு சீட்டுதான் சார் இருக்கு. ரெண்டு பேர்ல யாருக்குப் போடட்டும்?" என்றாள் கவுன்டர் பெண்.

ஆர்டிஸ் உதட்டை ஈரமாக்கிக்கொண்டாள். "எனக்கு வேணாம், முதுகு வலிக்கு நான் படுத்துக்கிட்டு..."

"எனக்கே போடும்மா" என்றார் லோரன்.

கவுன்டர் பெண் ஆர்டிஸைப் பரிதாபமாகப் பார்த்தாள். பின்னால் தொப்பிக்காரன் சீட்டியடித்தான்.

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. கூடவே ஒரு முள்ளும் குத்தியது. நீ போகிறாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே. கேட்டுவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டவளும் அவள்தான், கேட்கவில்லை என்று வலித்ததும் அவளுக்குத்தான். லோரன் அவள் முகத்தைப் பார்க்காமலே பையைத் தூக்கிக்கொண்டு முதலில் ஏறப் போய்விட்டார்.

இன்னும் ஒரு கண்டம் பாக்கி இருந்தது. லோரனுக்குக் கிடைத்தது மூன்றாம் வரிசையில் நடைபாதை ஓரம். ஏறுகிற அத்தனை பேரும் அவர் தோளை உரசிக்கொண்டுதான் வர வேண்டும். ஆர்டிஸ் இருபத்தேழாம் வரிசையில் பையைச் சரிசெய்கிற சாக்கில் நின்றபடி வாசலையே பார்த்தாள்.

கடைசியாக பிரிட்டா வந்தாள். தலைக்கு மேல் இழுத்துவிட்ட தொப்பிச் சட்டை, குனிந்த தலை.

அதே நேரம் லோரன் செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தார். அதை அச்சடித்தவன் நன்றாக இருக்கட்டும் என்று ஆர்டிஸ் மனதுக்குள் கும்பிட்டாள். ஆனால் அந்தப் பெண் அங்கேயா நிற்க வேண்டும்? விரித்த தாளுக்குப் பக்கத்தில் ஒரு கணம் நின்றாள். தாள் இறங்கவில்லை. பிறகு நடந்து வந்தாள்.

உட்கார்ந்ததும் தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அடுப்புச் சூடு பட்டுத் தழும்பேறிய அந்தக் கைகளை ஆர்டிஸ் மாறி மாறித் தடவினாள். கதவை மூடி விமானம் நகர்ந்ததும் மகளின் காதருகே குனிந்தாள்.

"நல்ல வேளைடி. அப்பா உன்னைப் பாக்கல."

பிரிட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"டிக்கெட் எடுத்துக் குடுத்ததே அவர்தாம்மா."