மாஸ்க்குக்குள் மீசை

இதயம் தளர்ந்து, நுரையீரலில் நீர் கோத்து வந்த லாரி ஓட்டுநருக்கு மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தினார்கள். பெரிய மீசையால் ஓரமெல்லாம் காற்று ஒழுகியது.

"மீசைய எடுத்தாதாங்க மாஸ்க் ஒட்டும்," என்றாள் நர்ஸ்.

"உசுரு முக்கியமா, மீசை முக்கியமா?" என்று மனைவி அழுதார்.

"ரெண்டும்," என்றார் அவர், மூச்சிரைப்புக்கு நடுவே. பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

ஒன்பது மணிக்கு மழித்து மாஸ்க்கை மாட்டினாள். பத்து மணிக்கு மாஸ்க்குக்குள் மீசை இருந்தது. மறுபடி மழித்தாள். பதினோரு மணிக்கு மறுபடியும் இருந்தது. ஆனால் காற்றைச் செலுத்தும் கருவியின் திரையில் காற்றுக் கசிவு பூஜ்யம். மூச்சும் சீராகியிருந்தது.

மூன்றாம் முறை பிளேடை எடுத்தவளின் கையை மனைவி பிடித்துக்கொண்டார். "விடும்மா. நானும் நாப்பது வருஷமா சொல்லிப் பாத்துட்டேன்."

மாலைவரை மாஸ்க்கை யாரும் தொடவில்லை. மருத்துவர் கழற்றியபோது, மீசையின் இரண்டு நுனிகளும் முறுக்கிவிடப்பட்டிருந்தன.